ஹால்டிங் ஒரு நாள்

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் ஆறு வருஷம் கணக்கு எழுதினேன், 2004 முதல் 2010 வரை. எங்கள் டிரிப் நோட்டில் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் 'குறிப்பு'. டயர் வெடித்தது, தார்ப்பாய் கிழிந்து சரக்கு நனைந்தது, செக்போஸ்ட்டில் தாமதம் என்று எதுவானாலும் இரண்டு வார்த்தையில் அங்கே ஏறிவிடும். அந்தக் கட்டத்தில் என் கையால் அதிகம் எழுதியது 'கேரளா ஹர்த்தால், ஹால்டிங் 1 நாள்' என்பதாகத்தான் இருக்கும்.

நாமக்கல் முட்டைக்குக் கேரளா பெரிய சந்தை. ராத்திரி லோடு ஏற்றிக் கிளம்பினால் விடியும் முன் கேரள எல்லையான வாளையார். ஹர்த்தால், அதாவது நம் ஊர் பந்த், என்றால் அங்கே காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி இவற்றுக்கு விலக்கு என்று அறிவிக்கும்போதே சொல்லிவிடுவார்கள். முட்டைக்குக் கிடையாது. பல சமயம் முந்தின நாள் சாயங்காலம் ஏதோ ஓர் ஊரில் ஒரு கொலையோ கைதோ நடந்து, ராத்திரி ஹர்த்தால் அறிவிப்பு வரும். அப்போது எங்கள் வண்டி அவிநாசி தாண்டியிருக்கும்.

ஒரு மூத்த டிரைவர் இருந்தார். இருபது வருஷம் கேரளா லைனே ஓட்டியவர். ஒரு நாள் காலை ஆறேகாலுக்கு வாளையாரிலிருந்து போன் செய்தார்.

"தம்பி, வண்டிய ஓரங்கட்டிட்டேன். பூரா வண்டியும் நிக்குதுங்க."

"யாராச்சும் மறிக்கிறாங்களாண்ணே?"

"ஒருத்தரும் இல்ல. ரோடு வெறிச்சுனு கெடக்குது. அதான் பயமா இருக்குது."

பந்த் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கல் எறிகிறவன் அங்கே நிற்கவே வேண்டியதில்லை. போன ஹர்த்தாலில் எவனோ எறிந்த கல் இந்த ஹர்த்தாலுக்கும் சேர்த்து வேலை செய்துவிடும். முன்கண்ணாடி போனால் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். க்ளைம் போட்டு, சர்வேயர் வந்து பார்த்து, கண்ணாடி மாட்டி முடிப்பதற்குள் வண்டி எத்தனை நாள் நிற்கும் என்று லாரிக்காரரைக் கேட்டால் தெரியும். அதனால் யாரும் மறிக்காத சாலையில் நூற்றுக்கணக்கான லாரிகள் தாமாகவே நின்றன. மறுநாள் பேப்பரில் 'ஹர்த்தால் முழு வெற்றி'.

ஹால்டிங் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்தும் பார்ட்டி இறக்காமல் தாமதம் செய்தால், வண்டி நின்ற நாளுக்கு அவர் ஒரு தொகை தர வேண்டும். அதுதான் ஹால்டிங். ஆனால் ஹர்த்தால் ஹால்டிங்கை எந்தப் பார்ட்டியும் கொடுத்து நான் பார்த்ததில்லை. "ஹர்த்தாலுக்கு நாங்க என்னங்க பண்றது, எங்க கடையும்தான் மூடிக் கிடந்துச்சு" என்பார்கள். நியாயம்தானே. வண்டி ஓனரைக் கேட்டால், பைனான்ஸ்காரன் ட்யூவில் ஒரு நாள் குறைப்பானா என்று நம்மையே திருப்பிக் கேட்பார். அதுவும் நியாயம். டிரைவருக்கும் க்ளீனருக்கும் டிரிப் கணக்கில்தான் பேட்டா. மாதம் ஒரு டிரிப் குறைந்தால் அந்தக் காசு போனது போனதுதான். இப்படி ஒவ்வொரு நியாயமாகக் கீழே இறங்கி வந்து, கடைசியில் வெயிலில் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் இருவர் தலையில் இறங்கும். நோட்டில் 'ஹால்டிங் 1 நாள்' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் தொகைக் கட்டத்தில் ஒரு கோடு போடுவேன்.

என் சம்பளத்தில் ஒரு பைசா குறைந்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஹர்த்தாலை நாடு தழுவிய அரசியல் ஆயுதமாக்கும் யோசனை பிறந்த ஊர் நம் சென்னைதான். 1919 மார்ச்சில் ரௌலட் சட்டத்தை எதிர்க்க வழி தேடிக்கொண்டிருந்த காந்தி, சென்னையில் ராஜாஜியின் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். ஒரு விடியற்காலை, அரைத் தூக்கத்தில், கனவு போல அந்த யோசனை வந்ததாகவும் அதை ராஜாஜியிடம் சொன்னதாகவும் அவரே எழுதியிருக்கிறார். நாடு முழுக்க ஒரு நாள் தொழிலை நிறுத்திவிட்டு உபவாசமும் பிரார்த்தனையும். முஸ்லிம்கள் ஒரு நாளுக்கு மேல் உபவாசம் இருக்க முடியாது, ஆகவே 24 மணி நேரம் போதும் என்பது வரை யோசித்திருக்கிறார்.

எனக்கு அதில் பிடித்தது வேறு இரண்டு விஷயம். முதலில் குறித்த மார்ச் 30, பிறகு மாற்றிய ஏப்ரல் 6, இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை. அப்புறம், ஞாயிறன்றும் வேலைக்குப் போக வேண்டியவர்கள் முன்கூட்டி விடுப்பு வாங்கிக்கொண்ட பிறகே வேலையை நிறுத்தலாம் என்று அவர் போட்ட நிபந்தனை. இன்றைக்கு எந்தக் கட்சியின் மாவட்டச் செயலாளரிடமாவது போய், "அண்ணே, பந்தை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா, வேலைக்குப் போகிறவர்கள் லீவு சொல்லிவிட்டு வரட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். ஞாயிறு மூடினால் யாருக்கு வலிக்கும்? வலிக்கவில்லை என்றால் அது என்ன பந்த்? 1919 இல் விரதம் இருந்தவர் பட்டினி கிடந்தார். இன்று பந்த் அறிவிப்பவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார். பட்டினி பஸ் ஸ்டாண்டில் இருக்கிறது.

அந்த 1919 ஹர்த்தாலும் சுத்தமாக முடியவில்லை. தேதி மாறியது டெல்லிக்குத் தெரியாமல் போய் மார்ச் 30 அன்றே அங்கே கடையடைப்பு நடந்து, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அடுத்த சில நாட்களில் அகமதாபாத், அமிர்தசரஸ் என்று வன்முறை பரவியதும் காந்தி இயக்கத்தை நிறுத்திவைத்தார். இமாலயத் தவறு செய்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னார். பந்த் அறிவித்த ஒருவர் அப்படிச் சொல்லி என் காலத்தில் நான் கேட்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1997 இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, பந்த் அரசியலமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. ஒரு கட்சியின் உரிமைக்காக மற்ற எல்லோருடைய உரிமையையும் ஒரு நாள் முடக்கிவைக்க முடியாது என்பது சாரம். அதே வருஷம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சரி, பந்த் நின்றதா? பெயர்ப் பலகைதான் மாறியது. பந்த் வேறு, ஹர்த்தால் வேறு, வேலைநிறுத்தம் வேறு என்று தீர்ப்பிலேயே பிரித்துச் சொல்லியிருந்தார்கள். கட்சிகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. அதற்குப் பிறகு கேரளாவில் பந்த் என்று யாரும் சொல்வதில்லை. எல்லாம் ஹர்த்தால். எங்கள் நோட்டில் நான் எழுதிய சொல்லுக்கே காரணம் அந்தத் தீர்ப்புதான் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் ருசி. 2007 அக்டோபர் 1, சேது சமுத்திரத் திட்டத்தை நிறைவேற்றச் சொல்லி ஆளும் திமுக கூட்டணியே பந்த் அறிவித்தது. அதிமுக உச்ச நீதிமன்றம் போனது. முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நீதிபதிகள் சிறப்பாக உட்கார்ந்து விசாரித்துத் தடை விதித்தார்கள். பந்த் இல்லை என்று ராத்திரி டிவியில் ஓடியது. விடிந்தால் முதல்வர் கருணாநிதி சேப்பாக்கத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்துவிட்டார், பஸ்களும் ஓடவில்லை. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும், உத்தரவை மதிக்காவிட்டால் ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைக்க வேண்டியிருக்கும் என்கிற அளவுக்கு நீதிபதிகள் பேசினார்கள். உண்ணாவிரதம் பாதியில் முடிந்தது, அப்புறம் பஸ் ஓடியது.

அன்று எனக்கு ஆபீஸ் இல்லை. ஞாயிறு, பந்த், மறுநாள் காந்தி ஜெயந்தி. சேர்ந்தாற்போல் மூன்று நாள். டிவி முன்னால் உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதிபதி ஒரு அடி அடித்தால் 'ஆகா' என்பதும், தலைவர் ஒரு அடி அடித்தால் 'ஆகா' என்பதும்.

எங்கள் ஆபீஸ் பக்கம் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டிருந்த ஓர் அக்காவுக்கு அந்த நாள் எப்படி இருந்தது என்று புதன்கிழமைதான் தெரிந்தது. பந்த் அறிவித்ததும் ஞாயிறன்று மாவாட்ட வேண்டாம் என்றுதான் இருந்திருக்கிறார். கோர்ட் தடை போட்டுவிட்டது என்று டிவியில் சொன்னதும், சரி, நாளைக்குக் கடை உண்டு என்று அவசரமாக அரிசி ஊறவைத்து ராத்திரி பத்து மணிக்கு ஆட்டியிருக்கிறார். காலையில் பஸ் இல்லை, ஆள் இல்லை. மதியத்துக்கு மேல் பஸ் வந்து என்ன செய்ய, அது காலை டிபன் கடை. மறுநாள் காந்தி ஜெயந்தி, ஆபீஸ்கள் கிடையாது. வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மாவு பொங்கிப் புளித்து வாய்க்காலுக்குப் போனது. பந்த் நடந்திருந்தால் அவருக்கு ஒரு நாள் வருமானம்தான் நஷ்டம். பந்த் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் அரிசியும் உளுந்தும் சேர்ந்து நஷ்டம்.

அதோடு தண்டல் வேறு. தெரியாதவர்களுக்கு: பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, வட்டியை முன்னமே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் அடைக்க வேண்டும். தண்டல்காரர் புதன்கிழமை வந்து நின்றபோது, "பந்துங்க தம்பி, கடையே போடலீங்க" என்றிருக்கிறார் அக்கா. "பந்து உங்களுக்குத்தானுங்கக்கா, வட்டிக்கு ஏதுங்க பந்து" என்றானாம் அவன். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே. அக்காவும் எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

2010 ஜூலை 5, பெட்ரோல் டீசல் விலை உயர்வை எதிர்த்து நாடு தழுவிய பந்த் நடந்தது. அன்றைய நஷ்டம் 3,000 கோடி என்றது சி.ஐ.ஐ. 10,000 கோடி என்றது அசோசெம். 13,000 கோடி என்றது பிக்கி. ஒரே நாடு, ஒரே நாள், மூன்றும் பெரிய தொழில் அமைப்புகள், மூன்று விலை. அன்றுமுதல் பந்த் நஷ்டம் என்று கோடியில் யாராவது சொன்னால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். நாட்டின் ஒரு நாள் உற்பத்தியை எடுத்து, அதில் ஏதோ ஒரு பங்கைப் போட்டால் ஒரு தொகை வந்துவிடும். ஆனால் நின்றதெல்லாம் நஷ்டமாகிவிடாது. திங்கட்கிழமை வாங்காத பிரிட்ஜை செவ்வாய்க்கிழமை வாங்குவார்கள். சிமெண்ட் ஆலை அடுத்த ஞாயிறு ஓட்டி ஈடுகட்டிக்கொள்ளும். வங்கியில் காசோலை ஒரு நாள் தள்ளிப் போகும். இவர்கள் நாளைத் தள்ளிப்போட முடிந்தவர்கள். திங்கட்கிழமை குடிக்காத டீயை யாரும் செவ்வாய்க்கிழமை இரண்டாகக் குடிப்பதில்லை. விரிந்த மல்லிகைக்கு நாளை கிடையாது. காலையில் சித்தாள் வேலைக்கு ஆள் எடுக்கும் முக்கில் நிற்கிறவருக்கு, போன நாள் போனதுதான். நாட்டில் பத்தில் ஒன்பது பேர் அமைப்புசாராத் தொழிலாளர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது கூட்டம். இவர்களுடைய நஷ்டம் மொத்தத் தொகையில் சின்னதாகத் தெரியும், ஏனென்றால் அவர்களுடைய வருமானமே சின்னது. 13,000 கோடியில் இட்லி மாவு எந்தத் தசம ஸ்தானத்தில் இருக்கும்?

ஒரு நாள் என்பதே இப்படி என்றால், 2017 இல் டார்ஜிலிங்கில் கூர்க்காலாந்து என்ற தனி மாநிலம் கேட்டு 104 நாள் தொடர் அடைப்பு. ஜூனில் தொடங்கியது, செப்டம்பர் கடைசியில்தான் முடிந்தது. அந்த மலையின் விலை உயர்ந்த இரண்டாம் பறிப்புத் தேயிலையின் காலமே ஜூன்தான். செடி அடைப்புக்குக் கட்டுப்படுமா? பறிக்க ஆளில்லாமல் ஆள் உயரம் வளர்ந்து, திறந்த பிறகு வெட்டிக் கவாத்து செய்துதான் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அன்று அங்கே தோட்டத் தினக்கூலி 132 ரூபாய் 50 காசு. தனி மாநிலம் வரவில்லை.

இதுவரை காசைப் பற்றிப் பேசினேன். உயிர்க் கணக்கை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் இரண்டைச் சொல்கிறேன். 1988 மார்ச் 15 பாரத் பந்த் அன்று கேரளாவில் மாவு மில்லும் ரொட்டி ஆலையும் நடத்திய ஒரு தந்தையும் மகனும் மில்லைத் திறந்து ஓட்டினார்கள். மூடச் சொல்லி ஆட்கள் உள்ளே வர, கைகலப்பு முற்றி, துப்பாக்கி வெடித்தது. பந்த் ஆதரவாளர்கள் இரண்டு பேர் செத்தார்கள். தற்காப்பு உரிமை என்று ஏற்று உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது 2003 டிசம்பரில். இரண்டு வீட்டில் இழவு, மூன்றாவது வீட்டுக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் கோர்ட். அன்று எதற்காக பந்த் என்று இப்போது நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று நமக்கு எல்லோருக்கும் தெரியும். 2000 பிப்ரவரி 2, தருமபுரி இலக்கியம்பட்டி. அது பந்த் அல்ல, ஜெயலலிதாவுக்கு எதிரான தீர்ப்பைக் கண்டித்து அதிமுகவினர் செய்த மறியல். ஆனால் 'இன்று ரோட்டில் எதுவும் ஓடக் கூடாது' என்கிற அதே நினைப்பு. கல்விச் சுற்றுலா போன வேளாண் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் பஸ்ஸுக்குள் எரிந்தார்கள். பஸ்ஸுக்குத் தீ வைத்து மரண தண்டனை பெற்ற மூவருக்கு 2016 இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2018 இல் விடுதலையும் ஆனார்கள். நாமக்கல்லிலிருந்து வடக்கே போகும் எங்கள் வண்டிகள் எல்லாம் தருமபுரி வழியாகத்தான் போகும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் பந்தே கூடாதா என்று என் மச்சான் கேட்பார். தொழிற்சங்கக்காரர், விடமாட்டார். "உங்க லாரி ஓனருங்க ஸ்ட்ரைக் பண்ணி டீசல் விலையைப் பேசலாம், நாங்க பண்ணக் கூடாதா மாப்ள?" அவர் கேள்வியில் நியாயம் உண்டு. தன் உழைப்பை நிறுத்துவது வேறு, அடுத்தவன் உழைப்பை நிறுத்துவது வேறு என்பேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பஸ் ஓட்டுகிறவர் தன் வேலையை நிறுத்தினாலே இட்லிக்கடையும் நின்றுவிடுகிறதே, கோட்டை எங்கே போடுவாய் என்பார். எனக்கு அதற்கு முழுப் பதில் கிடையாது. 2003 இல் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பிய மாநிலம் இது. நான்கு வருஷம் கழித்து ஆளும் கூட்டணியே பந்த் அறிவித்ததும் இதே மாநிலம்தான். அரசாங்கம் விரும்பும் அடைப்பு நல்லது, விரும்பாதது கெட்டது என்று போய்விடக் கூடாது என்கிறார் மச்சான். அது வரைக்கும் நான் அவர் கட்சி.

1953 ஆகஸ்ட் 12 இலங்கை ஹர்த்தாலையும் அவர்தான் எனக்குச் சொன்னார். மானியத்தை வெட்டி, ஒரு கொத்து (படி போல அங்கே ஓர் அளவு) அரிசி 25 சதத்திலிருந்து (காசு) 70 சதம் ஆனது. நாடு நின்றது. துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி அமைச்சரவைக் கூட்டம் நடத்த வேண்டிய நிலை. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அங்கே கடையை மூடியவனும் அரிசி வாங்க முடியாதவனும் ஒரே ஆள். யார் கேட்கிறார்களோ அவர்களே விலையும் கொடுத்தார்கள். எனக்கு அப்படிப்பட்ட அடைப்போடு சண்டை இல்லை. ஒரு கட்சி ஆபீசில் ஏ.சி. அறையில் முடிவெடுத்து, அதன் விலையை வாளையாரில் நிற்கிற க்ளீனரிடம் வசூலிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

விலையை அறிவித்தவர்களிடமே வாங்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2003 பம்பாய் பந்துக்காக சிவசேனாவுக்கும் பாஜகவுக்கும் தலா 20 லட்சம் போட்டது பம்பாய் உயர் நீதிமன்றம். 2019 ஜனவரி 3, சபரிமலை விவகார ஹர்த்தாலில் கோழிக்கோடு மிட்டாய்த் தெரு வியாபாரிகள் இனி மூட முடியாது என்று கடையைத் திறந்தார்கள். அடிதடி வந்தது, ஆனாலும் திறந்தார்கள். அடுத்த சில நாளில் கேரள உயர் நீதிமன்றம், ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது என்றது. 2018 இல் மட்டும் சிறிதும் பெரிதுமாக 97 ஹர்த்தால்கள் என்று அந்த வழக்கில் சொன்னார்கள். அதையும் மீறி 2022 செப்டம்பர் 23 அன்று பாப்புலர் ஃப்ரண்ட் என்ற அமைப்பு நடத்திய திடீர் ஹர்த்தாலில், அரசு பஸ் டிரைவர்கள் தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பஸ் ஓட்டிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். பஸ் டிரைவருக்கு ஹெல்மெட்! அந்தச் சேதத்துக்கு 5.2 கோடியைக் கட்டச் சொல்லி அந்த அமைப்புக்கு உத்தரவிட்டது நீதிமன்றம். பஸ்ஸின் கண்ணாடிக்குக் கணக்கு உண்டு, பில் உண்டு, கேட்க அரசாங்கம் உண்டு. நின்ற லாரிக்குப் பில் ஏது?

அந்த மூத்த டிரைவர் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி போன் செய்தார். பின்னால் ஹாரன் சத்தம். பகல் முழுக்க நின்ற வண்டிகள் ஒரே நேரத்தில் கிளம்பினால் எப்படி இருக்கும்.

"எடுத்துட்டேன் தம்பி. மேல் வரிசை அட்டையில வாடை வருது. வெயில் தாங்கல. இறக்கும்போது பார்ட்டி கழிப்பான்."

"எத்தன அட்டைண்ணே எழுதட்டும்?"

"பத்து எழுதிக்க. கூடக்கொறைய இருந்தா வந்து பாத்துக்கலாம்."

"ஹால்டிங்?"

"அதையும் எழுது. ஓனர் கேட்டா காட்டலாமில்ல."

எழுதினேன். தொகைக் கட்டத்தில் கோடு போட்டேன்.